பிள்ளையை விமானியாக்கப் பணம் கட்டும் முன்: அந்த ஆறு நிமிடச் சுற்றைப் பற்றிக் கேளுங்கள்

பதுளை பஸார் வீதியிலோ வெலிமடை, பண்டாரவளை நகரங்களிலோ கடை வைத்திருக்கும் ஒருவரிடம், பிள்ளையை எந்தத் துறைக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டால், டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்ற வழமையான பதில்களோடு "பைலட்" என்ற பதிலும் இப்போது வருகிறது. குருத்தலாவையில் மரக்கறித் தோட்டம் செய்பவர் வீட்டிலும், பசறைப் பக்கத் தோட்டத்தில் லிகிதராக வேலை பார்ப்பவர் வீட்டிலும் அந்த ஆசை இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியில் மலைகள் சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்ட நாட்களில், எமது மாவட்டத்துப் பிள்ளைகள் ஹெலிகொப்டர் சத்தத்தைக் கேட்டு வெளியே ஓடி வந்தார்கள். வானத்திலிருந்து உதவி வருவதைக் கண்ட பிள்ளை விமானியாக ஆசைப்படுவதில் வியப்பில்லை.

ஆசை நல்லது. ஆனால், இது பெரிய முதலீடு. ஒரு கடையை இன்னொரு நகரத்தில் திறப்பதற்கு ஆகும் பணத்தை, சில வேளை அதைவிடக் கூடிய பணத்தை, ஒரு பிள்ளையின் பயிற்சிக்காகச் செலவிடுகிறோம். கடை திறப்பதற்கு முன் வாடகை, சரக்கு, சந்தை எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம், பறத்தல் பயிற்சி நிலையத்தில் என்ன கேட்கிறோம்? மொத்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் முடியும், வேலை கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளோடு எழுந்து வந்துவிடுகிறோம். பிள்ளையின் உயிரும் எமது பணமும் தங்கியிருக்கும் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அந்தப் பாடத்தின் பெயர் "சேர்கிட்". விமான நிலையத்தைச் சுற்றி வந்து இறங்கும் பாதை. அதைப் பெற்றோருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரத்மலானைக்குப் போகும் பிள்ளை

ஊவாவில் பறத்தல் பயிற்சி பெறக்கூடிய சிவில் விமான நிலையம் எதுவும் இல்லை. எமது பிள்ளை உள்நாட்டில் கற்பதென்றால் பெரும்பாலும் இரத்மலானைக்குத்தான் போக வேண்டும். அந்த ஓடுபாதையின் சரித்திரமே ஓர் ஆசிரியரோடுதான் தொடங்குகிறது. 1935 நவம்பர் 27 ஆம் திகதி அங்கு முதன்முதலில் இறங்கிய விமானம், டி ஹவிலண்ட் நிறுவனத்தின் பஸ் மொத் என்ற சிறிய விமானம். அதை ஓட்டி வந்தவர் மதராஸ் பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்சி ஆசிரியர் டின்டேல் பிஸ்கோ.

தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச சிவில் விமான சேவைகள் அமைப்பு வகுத்துள்ள ஆகக் குறைந்த அளவு 40 மணித்தியாலப் பறத்தல். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியில் 35 மணித்தியாலம். இதில் 10 மணித்தியாலம் பிள்ளை தனியாகப் பறந்திருக்க வேண்டும். வயது 17 ஆகியிருக்க வேண்டும். தொழிலாகச் செய்வதற்கான வணிக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு வயது 18, பறத்தல் 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பாடநெறியானால் 150. விமான நிறுவனத்தில் கெப்டனாவதற்குரிய உயர் அனுமதிப்பத்திரத்துக்கு 1,500 மணித்தியாலம் வேண்டும். ஆக, இந்த முதல் 40 மணித்தியாலம் நீண்ட பாதையின் முதல் வளைவு மாத்திரமே. ஆனால், இறங்கும் பழக்கம் நல்லதாகவோ கெட்டதாகவோ பிள்ளையின் கையில் ஒட்டிக்கொள்வது இந்தக் காலத்தில்தான்.

தெமோதரை வளைவும் விமானச் சுற்றும்

எமது ஊரவருக்கு இதை விளக்குவது இலகு. தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, அதே ரயில் நிலையத்துக்குக் கீழால் சுரங்கத்தினூடாக வெளியேறுகிறது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து எஞ்சினியருக்கு அந்த யோசனை வந்ததாக ஊர்க்கதை சொல்கிறது. கதை எப்படியோ, காரணம் தெளிவானது. ரயிலால் செங்குத்தாக இறங்க முடியாது. உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்காகக் குறைக்க வேண்டும். அதற்கு இடமும் தூரமும் தேவை. அதனால்தான் சுற்று.

விமானமும் அப்படித்தான். ஓடுபாதையை ஒரு நீள்சதுரத்தின் ஒரு பக்கமாக நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை எதிர்த்து எழும்பி நேராக ஏறுவது முதற் பகுதி, அப்விண்ட். பிறகு 90 பாகை திரும்பினால் குரொஸ்விண்ட். இன்னொரு தடவை திரும்பினால் ஓடுபாதைக்குச் சமாந்தரமாக, எழும்பிய திசைக்கு எதிர்த்திசையில் செல்வது டவுன்விண்ட். அதிலிருந்து மீண்டும் திரும்பி இறங்கத் தொடங்குவது பேஸ். கடைசியாகத் திரும்பி ஓடுபாதையை நேரே பார்த்தபடி இறங்குவது ஃபைனல். வேறு அறிவித்தல் இல்லாவிட்டால் எல்லாத் திருப்பங்களும் இடது பக்கமாகவே இருக்கும். சிறிய விமானங்கள் பொதுவாகத் தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில் இந்தச் சுற்றை வருகின்றன. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம். ஒரு மணித்தியாலத்தில் எட்டுப் பத்துத் தடவை எழும்பி இறங்கலாம்.

"தரையிலிருந்து" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இரத்மலானை கடல்மட்டத்தை ஒட்டிய இடம். அங்கு உயரமானி 1,000 அடி காட்டினால் தரையும் ஏறக்குறைய 1,000 அடி கீழே இருக்கும். பண்டாரவளை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கு ஒரு ஓடுபாதை இருந்தால் அதே சுற்றுக்கு உயரமானி 5,000 காட்ட வேண்டும். இலக்கத்தை மனனம் செய்த பிள்ளை அந்த இடத்தில் தடுமாறும். காரணத்தை விளங்கிய பிள்ளை தடுமாறாது. நல்ல ஆசிரியர் முதல் நாளே இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுப்பார்.

எப்படிக் கற்பிக்க வேண்டும்?

சுற்றுப் பயிற்சி முதல் வாரத்துப் பாடமல்ல. நேராகவும் மட்டமாகவும் பறத்தல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல் ஆகியவற்றைப் பிள்ளை முதலில் உயரத்தில், நிலையத்துக்கு அப்பால் பழக வேண்டும். அதன்பின் "ஸ்டோல்" என்ற பாடம். வேகம் குறைந்தோ, மூக்கை அளவுக்கு மேல் தூக்கியோ இறக்கை தன் தூக்கும் சக்தியை இழக்கும் நிலை அது. அதை இரண்டு மூவாயிரம் அடி உயரத்தில் ஆசிரியரோடு வேண்டுமென்றே உண்டாக்கி, அதன் அறிகுறிகளைக் கண்டு, அதிலிருந்து மீளப் பழக வேண்டும். இதைக் கைவரப் பெறாமல் பிள்ளையைத் தனியே சுற்றுக்கு விடும் பயிற்சி பயிற்சியே அல்ல.

அதற்குப் பிறகுதான் சுற்று. டவுன்விண்டில் எரிபொருள், பிரேக், ஆசனப்பட்டி போன்றவற்றைச் சோதிக்க வேண்டும். ஓடுபாதையின் தொடக்க முனைக்கு நேரே வந்ததும் எஞ்சின் சக்தியைக் குறைக்க வேண்டும். பேஸில் உயரம் கூடவா குறையவா என்று மதிப்பிட வேண்டும். ஃபைனலில் வேகத்தையும் கோட்டையும் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கோபுரத்துடன் பேச வேண்டும், வெளியே மற்ற விமானங்களைப் பார்க்க வேண்டும். இவை ஆறு நிமிடத்துக்குள் நடக்க வேண்டிய வேலைகள். இதனோடு எழும்பும்போது எஞ்சின் நின்றால் என்ன செய்வது, எஞ்சின் சக்தியில்லாமல் எப்படிச் சறுக்கி இறங்குவது, சிறகு மடிப்புகள் வேலை செய்யாவிட்டால் எப்படி இறங்குவது, இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் எப்படி ஏறுவது ஆகிய பாடங்களும் உண்டு. இவையெல்லாம் சீராக வந்த பின் ஒரு நாள் ஆசிரியர் இறங்கிக்கொண்டு, பிள்ளையைத் தனியே ஒரே ஒரு சுற்றுக்கு அனுப்புவார். விமானியின் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் அது.

கச்சான் காற்று சொல்லும் பாடம்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை எமது மலைகளில் வீசும் உலர்ந்த கச்சான் காற்றைத் தேயிலை வியாபாரிகள் விரும்புவார்கள். ஊவாத் தேயிலையின் தனித்த வாசனை அந்தக் காற்றில்தான் பிறக்கிறது. ஏல விலையையும் அதுவே உயர்த்துகிறது. ஆனால், காற்று விமானப் பயிற்சி மாணவனுக்கு ஒரு பரீட்சை. சுற்றில் ஆக ஆபத்தான இடம் பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் வளைவு. அதை ஆபத்தாக்குவதில் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

பேஸில் விமானம் 70 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீற்றரில் பறக்கிறது என்று வைப்போம். பின்னாலிருந்து 15 நொட் காற்று தள்ளினால், நிலத்துக்கு மேல் அதன் வேகம் 85 நொட், ஏறக்குறைய 157 கிலோமீற்றர். மாணவன் வழமையான இடத்தில் திரும்பத் தொடங்கினாலும் விமானம் ஓடுபாதையின் கோட்டைத் தாண்டிப் போய்விடும். உடனே மனம் சொல்வது, "இன்னும் இறுக்கித் திருப்பு" என்பதுதான். அவன் விமானத்தைக் கூடுதலாகச் சரிக்கிறான். அல்லது சரிக்கப் பயந்து, காலால் ரடரை மிதித்து மூக்கைத் தள்ளுகிறான். மூக்கு கீழே போக, கையால் இழுத்துத் தூக்குகிறான்.

இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. நேராகப் பறக்கும்போது 48 நொட்டில் ஸ்டோலாகும் ஒரு சிறிய விமானம், உயரத்தை இழக்காமல் 30 பாகை சரிவில் திரும்பும்போது ஏறக்குறைய 52 நொட்டிலேயே ஸ்டோலாகும். 45 பாகையில் 57 நொட். 60 பாகையில் 68 நொட். 70 நொட்டில் வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு எஞ்சியிருப்பது இரண்டு நொட் மாத்திரம். அதற்கு மேல் ரடரையும் மிதித்திருந்தால் ஒரு இறக்கை மற்றதற்கு முன் விழும்; விமானம் சுழலத் தொடங்கும். 3,000 அடியில் இது ஒரு பாடம். 500 அடியில் மீள்வதற்கு உயரம் போதாது.

பரிகாரம் என்ன? மிக எளிது. கோட்டைத் தாண்டிவிட்டால் இறுக்கித் திருப்பாதே. முழுச் சக்தியைக் கொடுத்து, இறக்கையை மட்டமாக்கி, மேலே ஏறி, சுற்றை மீண்டும் வா. இதற்கு "கோ அரவுண்ட்" என்று பெயர். இது தோல்வியல்ல. உலகின் மிக அனுபவமுள்ள விமானிகளும் பெரிய ஜெட் விமானத்தோடு இதைச் செய்கிறார்கள். கொழுந்து பறிப்பில் ஒரு ரவுண்டு பிந்தினால் இலை முற்றிவிடும் என்று தோட்டத்தில் அவசரப்படுவார்கள். விமானச் சுற்றில் ஒரு ரவுண்டு கூடினால் எதுவும் கெடாது. ஆறு நிமிடமும் கொஞ்சம் எரிபொருளும்தான் செலவு.

அதே சுற்றில் இன்னொரு விமானம்

இரண்டாவது ஆபத்து, மற்றவர்கள். பயிற்சி நிலையங்கள் கூடும் இடத்தில் ஒரே நேரத்தில் பல விமானங்கள் ஒரே சுற்றில் இருக்கும். 2025 ஜூலை 8 ஆம் திகதி கனடாவின் மனிடோபா மாகாணத்தில், ஸ்டைன்பக் நகருக்கு அருகில், ஒரே பயிற்சிப் பாடசாலையைச் சேர்ந்த இரண்டு மாணவ விமானிகள் எழும்பி இறங்கும் பயிற்சியின்போது வானில் மோதி இருவரும் இறந்தார்கள். ஒருவர் கேரளத்திலிருந்து படிக்கச் சென்ற இளைஞர். இரு விமானங்களிலும் வானொலி இருந்தது. பிள்ளையைக் கனடாவுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ அனுப்ப நினைக்கும் எமது பெற்றோர் இச்செய்தியை மறக்கக் கூடாது.

அதற்கு முன், 2022 ஓகஸ்ட் 18 ஆம் திகதி அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வொட்சன்வில் நிலையத்தில், சுற்றுப் பயிற்சியிலிருந்த ஒரு செஸ்னா 152 விமானமும், சுற்றுக்குள் வராமல் நேராக இறங்க வந்த இரட்டை எஞ்சின் விமானமும் மோதின. மூவர் இறந்தனர். நேராக வந்த விமானம் இறங்குவதற்குரிய வேகத்தைவிட மிகக் கூடிய வேகத்தில் வந்ததை விசாரணை எடுத்துக் காட்டியது. அந்த நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை.

இரத்மலானையில் கோபுரம் உண்டு. ஆனால், கோபுரம் இருந்தாலும் விமானியின் கண்ணுக்கும் காதுக்கும் ஓய்வில்லை. செஸ்னா போன்ற விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், திரும்பும்போது தாழும் இறக்கை போக வேண்டிய பக்கத்தையே மறைத்துவிடும். எனவே, திரும்புவதற்கு முன் இறக்கையைச் சற்று உயர்த்திப் பார்த்த பின்பே திரும்பக் கற்பிக்க வேண்டும். வானொலியில் தன் இடத்தைச் சொல்வதோடு, மற்றவர் சொல்வதைக் கேட்டு, "அவர் இப்போது எங்கே இருப்பார்" என்று மனதில் படம் வரையப் பழக்க வேண்டும். முன்னால் பெரிய விமானம் இறங்கினால் அதன் பின்னே சுழல்காற்று கிடக்கும். சிறிய விமானம் சில நிமிடம் இடைவெளி விட வேண்டும்.

இங்கு எமது பிரதேசத்துக்கு ஒரு சிறப்புக் கவலை உண்டு. எமது பிள்ளைகளில் அநேகர் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். வானொலியில் ஆங்கிலமே பேச வேண்டும். சர்வதேச மொழித் தேர்ச்சி அளவுகோலில் குறைந்தது நான்காம் படியை எட்ட வேண்டும். புத்தகத்தை வாசிக்கும் ஆங்கிலம் வேறு. காற்றும் எஞ்சினும் இரையும்போது வேகமாக வரும் அறிவுறுத்தலைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்லும் ஆங்கிலம் வேறு. உயர்தரப் பரீட்சை முடிந்து காத்திருக்கும் மாதங்களில் பேச்சு ஆங்கிலத்துக்குச் செலவிடும் பணம், பிறகு பறத்தல் மணித்தியாலங்களில் மிச்சமாகும். விளங்காவிட்டால் "மீண்டும் சொல்லுங்கள்" என்று கேட்க வெட்கப்படக் கூடாது என்பதையும் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

மலைநாட்டில் பறப்பது வேறு பாடம்

2020 ஜனவரி 3 ஆம் திகதி ஹப்புத்தளையில் விமானப் படையின் வை-12 விமானம் வீழ்ந்து நால்வர் உயிரிழந்ததை எமது மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அது வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பணிக்கு வந்த விமானம், மாணவர் பயிற்சியல்ல. எனினும், மலையும் முகிலும் கலந்த வானம் எவ்வளவு கண்டிப்பானது என்பதை அது எமக்கு நினைவூட்டுகிறது. கரையோரத்தில் கற்ற பிள்ளை, அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த வாரமே நண்பர்களை ஏற்றிக்கொண்டு சொந்த ஊரை மேலிருந்து பார்க்கப் புறப்படக் கூடாது. உயரமான இடத்தில் காற்று அடர்த்தி குறைவு. எஞ்சின் பலமும் குறையும், ஓடுபாதைத் தேவையும் கூடும். மலைப் பறத்தல் தனி ஆசிரியரிடம் தனியாகக் கற்க வேண்டிய பாடம்.

பணத்தின் அவசரம் விமானத்துக்குள் ஏறுகிறது

இப்போது எமது பக்கத்து விடயத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரை ஏன் வர்த்தகப் பக்கத்தில் வருகிறது என்பதற்கும் விடை இதுவே.

ஒரு மணித்தியாலப் பறத்தலுக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும். வாப்பா வாகனத்தை விற்றது தெரியும். உம்மாவின் நகை போன இடமும் தெரியும். ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் "தனியாகப் பறந்துவிட்டாயா? இன்னும் எத்தனை மணித்தியாலம்?" என்று கேட்கிறோம். அந்தப் பிள்ளை பேஸிலிருந்து திரும்பும்போது கோட்டைத் தாண்டிவிட்டால், இன்னொரு சுற்றுக்குப் போவது அதற்குப் பணமாகவே தெரியும். எப்படியாவது இறக்கிவிடலாம் என்று நினைக்கும். நாம் அன்போடு அனுப்பிய பணமே அதன் கையை இறுக்கித் திருப்ப வைக்கிறது.

எனவே, குடும்பம் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆகக் குறைந்த மணித்தியாலத்தை வைத்து வரவு செலவு போடாமல் இருப்பது. 40 என்பது சட்டத்தின் கீழெல்லை. பெரும்பாலான மாணவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். வியாபாரத்தில் நடைமுறை முதல் இல்லாமல் கடை திறப்பவர் முதல் மழையிலேயே மூடுவார். பயிற்சியிலும் மேலதிகமாக ஒரு பங்கு கையிருப்பு இருக்க வேண்டும். 2022 இல் டொலர் சில வாரங்களில் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதை நாம் கண்டோம். பயிற்சி விமானத்தின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வெளிநாட்டிலிருந்து வருபவை. அரைவாசியில் பணம் தீர்ந்து மூன்று மாதம் நின்றால், கற்றதில் ஒரு பகுதி மறந்துபோகும். அதை மீண்டும் கற்க மீண்டும் பணம். ஒரு வருடம் தாமதித்து முழுத் தொகையையும் சேர்த்த பின் தொடங்குவது, இன்றே தொடங்கி நடுவில் நிற்பதைவிட இலாபகரமானது.

இரண்டாவது, ஒப்பிடாமல் இருப்பது. பக்கத்து வீட்டுப் பிள்ளை இத்தனையாவது மணித்தியாலத்தில் தனியாகப் பறந்தது என்ற கணக்கு எமக்கு வேண்டாம். விரைவில் தனியாகப் பறந்தவர் சிறந்த விமானி என்ற விதி எங்கும் கிடையாது.

பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் பிள்ளையோடு நேரில் சென்று இவற்றைக் கேளுங்கள். விபரமாகவும் பொறுமையாகவும் பதில் சொல்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

1. சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் நடப்பு அங்கீகாரம் இருக்கிறதா? எந்தப் பாடநெறிக்கு? சான்றிதழைக் காட்ட முடியுமா?

2. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? சுற்றுப் பயிற்சி முடியும் வரை அதே ஆசிரியர் இருப்பாரா? அடிக்கடி ஆசிரியர் மாறினால் பிள்ளை ஒவ்வொருவரின் பழக்கத்தையும் புதிதாகக் கற்க நேரும்.

3. முதல் தனிப் பறத்தலுக்கு முன் ஸ்டோல் பாடமும் சுழற்சியைத் தவிர்க்கும் பாடமும் எத்தனை தடவை செய்யப்படும்? அனுமதிப்பது யார்? இன்னொரு மூத்த ஆசிரியர் சோதிப்பாரா?

4. "கோ அரவுண்ட்" செய்த மாணவனை எப்படி நடத்துகிறீர்கள்? இந்தக் கேள்விக்கு ஆசிரியரின் முகம் சொல்லும் பதிலையும் கவனியுங்கள்.

5. சுற்றில் ஒரே நேரத்தில் எத்தனை விமானங்களை விடுகிறீர்கள்? எந்த அளவு காற்றுக்கு மேல் மாணவரைத் தனியே அனுப்புவதில்லை? அது எழுத்தில் இருக்கிறதா?

6. எத்தனை விமானங்கள் இன்று பறக்கும் நிலையில் இருக்கின்றன? திருத்தத்துக்கு நின்றால் பிள்ளை எத்தனை நாள் காத்திருக்க நேரும்?

7. மேலதிக மணித்தியாலத்துக்கு என்ன கட்டணம்? இடையில் நின்றால் மீதிப் பணம் எப்போது, எப்படித் திரும்பும்?

இதற்கெல்லாம் முன், பிள்ளையை வைத்தியச் சோதனைக்கு அனுப்புங்கள். தனியார் அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் போதும். ஆனால், தொழில் நோக்கம் என்றால் முதலாம் வகுப்புச் சோதனையை ஆரம்பத்திலேயே செய்துகொள்வது புத்திசாலித்தனம். கண்ணிலோ காதிலோ தடை இருந்தால் அதைப் பணம் கட்டிய பின் அறிவது பெரும் நட்டம்.

எழுதி வையுங்கள்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல் பகரா அத்தியாயத்தின் 282 ஆவது வசனம் எமக்குப் பணித்திருக்கிறது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே அதுதான். அப்படியிருந்தும் இலட்சக்கணக்கான ரூபாவை வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துபவர்கள் எமக்குள் இருக்கிறார்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டினால் கழிவு தருகிறோம் என்று சொன்னாலும், கட்டங்களாகச் செலுத்துவதே பாதுகாப்பு. முதற் கட்டம் முதல் தனிப் பறத்தல் வரை, அடுத்தது தனியார் அனுமதிப்பத்திரம் வரை என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பறத்தலும் பிள்ளையின் பதிவேட்டில் ஆசிரியரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை அந்தப் பதிவேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் போதாதவர்கள் வட்டிக் கடனில் விழாமல் இருக்க வழி தேட வேண்டும். 2005 இல் வங்கிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின் பின் இந்நாட்டில் இஸ்லாமிய வங்கிமுறைக்கு இடம் கிடைத்தது. அமானா வங்கி 2011 முதல் இயங்குகிறது. கல்விச் செலவுக்கு என்ன ஏற்பாடு உண்டென்று நேரில் விசாரியுங்கள். குடும்பத்துக்குள் கர்ழு ஹஸனாகப் பெறுவதென்றாலும் தவணையைத் தெளிவாக எழுதுங்கள். அனுமதிப்பத்திரம் கிடைத்த மறுநாளே வேலை கிடைக்கும் என்ற எண்ணத்தில் தவணை போடாதீர்கள். வணிக விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் பின், குறிப்பிட்ட வகைப் பெரிய விமானத்துக்கான பயிற்சியும் அதற்கான செலவும் காத்திருக்கின்றன.

ரமழானைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோன்போடு வெயிலில் நிற்கும் சிறிய விமானத்துக்குள் ஏறும்போது தாகமும் களைப்பும் தீர்மானத்தைப் பாதிக்கலாம். பிள்ளை இதை மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லி, பறத்தலை அதிகாலைக்கு மாற்றவோ, அந்த மாதத்தில் வகுப்புப் பாடங்களையும் எழுத்துப் பரீட்சைகளையும் முடிக்கவோ கேட்கலாம். மார்க்க ரீதியான தெளிவை உலமாக்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள். உயிரைப் பாதுகாப்பது மார்க்கத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது

புதிதாக வணிக அனுமதிப்பத்திரம் பெறுவோரில் பலர், விமான நிறுவன வாய்ப்புக்குக் காத்திருக்கும் காலத்தில் தாமே பயிற்சி ஆசிரியராகிறார்கள். ஆகவே, இன்று எமது பிள்ளை கற்கும் சுற்று, நாளை வேறு பெற்றோரின் பிள்ளைக்குக் கற்பிக்கப்படும். நல்ல பழக்கம் அப்படிப் பரவும். கெட்ட பழக்கமும் அப்படியே பரவும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்கல் வைக்க வேண்டும் என்று எமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. விமானியின் ஒட்டகக் கயிறு இந்தச் சுற்றின் ஒழுங்கு. இரத்மலானைக்குப் பஸ் ஏற்றும் இரவில் பிள்ளைக்குப் புத்திமதி சொல்ல நினைக்கும் வாப்பாமார் நீண்ட பிரசங்கம் செய்யத் தேவையில்லை. "கோடு தாண்டினால் இறுக்காதே மகன், மேலே ஏறித் திரும்பவும் சுற்றி வா. எத்தனை தடவை ஆனாலும் பரவாயில்லை. அந்தச் செலவை நான் ஏற்கனவே ஒதுக்கி வைத்துவிட்டேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதோடு நிற்காமல் உண்மையாகவே ஒதுக்கியும் வையுங்கள்.